அண்ணைக்குத் தெரியும்

மெல்பேர்ணில் அவருடைய வீட்டில் நான் இருந்த இரண்டரை வருடத்தில் ‘தெரியாது’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். எழுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் நகரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. புதிதாக யார் வந்து இறங்கினாலும் விமான நிலையத்தில் அண்ணை நிற்பார். கையில் ஒரு மேலதிகக் குளிர்ச்சட்டை இருக்கும். வருகிறவர் யாருடைய சொந்தம், யாருடைய சிநேகிதர் என்றெல்லாம் பார்க்கமாட்டார்.

நான் வந்து இறங்கியது யூலை மாதத்தில், அங்கே குளிர்காலத்தின் உச்சம். மெல்லிய சட்டையோடு வெளியே வந்தவனைக் கண்டதும் குளிர்ச்சட்டையை நீட்டினார்.

“முதல்ல இதைப் போடும் தம்பி. கதையைப் பிறகு கதைப்பம்.”

அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. “என்ர அளவு என்னெண்டு அண்ணை தெரியும்?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் எனக்குத் தெரியும்,” என்றார்.

அன்று அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லி விளங்கப்படுத்த முடியாது. இருபத்தாறு வயது. ஒருவரையும் தெரியாத ஊர். அங்கே எல்லாம் தெரிந்த ஒரு மனிதர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிறார்.

எந்தக் கடையில் அரிசி வாங்கலாம், குளியலறையில் சுடுதண்ணீர் எப்படி வரும், மேலதிகாரியின் முதற்பெயரைச் சொல்லிக் கூப்பிடலாமா, எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்து வைப்பது, எல்லாம் அவர் சொல்லித்தந்தவை. பின்னறையை எனக்கு ஒழித்துத் தந்தார். தான் வேலை செய்த இடத்திலேயே எனக்கும் வேலை எடுத்துத் தந்தார். குடிநீர்க் குழாய்களுக்குப் படம் வரையும் ஓர் அலுவலகம் அது. அண்ணை அங்கே மூத்த படவரைஞர். எனக்குத் தற்காலிக வேலைதான். அது நிரந்தரமாவதற்கு என் வேலையைப் பற்றி அவர் எழுதிக்கொடுக்கவேண்டும்.

ஒரு சனிக்கிழமை நகரத்துக்குள் நடந்துகொண்டிருந்தோம். ஒரு வெள்ளைக்காரக் கிழவி கையில் கனத்த பையோடு எங்களை நிறுத்தி, ஏதோவொரு தெருவின் பெயரைச் சொல்லி வழி கேட்டாள். அண்ணை கொஞ்சமும் யோசிக்கவில்லை. இரண்டாவது விளக்கில் இடப்பக்கம் திரும்பி, தேவாலயத்தைத் தாண்டி, அடுத்த சந்தி என்றார். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

“அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறியளோ அண்ணை?”

“இல்லை. அந்தப் பக்கம்தான் இருக்கவேணும்.”

கிழவி இரண்டாவது விளக்கில் இடப்பக்கம் திரும்பி மறையும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணை அதற்குள் கனதூரம் போய்விட்டார்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். மெலிந்தவர், மெதுவாகக் கதைப்பவர். கணவர் ஏதாவது ஒன்றை அடித்துச் சொல்லும்போது குசினிக்குள் போய் ஏதோவொரு பாத்திரத்தைக் கழுவுவார். ஒருநாள் பிரஷர் குக்கரில் பருப்பு வைத்திருந்தார். அண்ணை வந்து மூடியில் கை வைத்தார்.

“பொறுங்கோ, இன்னும் ஆவி போகேல்லை,” என்றார் அக்கா.

“போயிட்டுது. சத்தத்தில எனக்குத் தெரியும்.”

மூடியைத் திறந்தார். பருப்பு கூரை முகடுவரைக்கும் போனது. அக்காவின் முழங்கையில் இரண்டு மூன்று இடத்தில் பட்டுக் கொப்பளித்தது. அண்ணை மருந்து பூசிவிட்டார், ஊதிவிட்டார், அன்றைக்கு முழுச் சமையலையும் தானே செய்தார். பின்னேரம் குக்கரைப் பெட்டியில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோய், மூடி பிழையென்று சொல்லிப் புதியது ஒன்று வாங்கிவந்தார். கடைக்காரி மன்னிப்பும் கேட்டாளாம். அந்தக் கிழமை முழுக்க நாங்கள் முகட்டிலிருந்த மஞ்சள் கறையைப் பார்த்துச் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். கடைக்காரியைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

அலுவலகத்தில் ஒரு சங்கம் இருந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் மலையில் பனி கொட்டும் ஒரு கிராமத்தில் தங்குவிடுதி ஒன்றை நாலு நாளைக்கு எடுப்பார்கள். வெள்ளைக்காரர்கள்தான் போவார்கள். எங்களுடைய ஆட்கள் ஒருவரும் போனதில்லை. அந்த வருடம் அண்ணை மூன்று பெயரைப் பதிந்தார். தன்னுடையது, அக்காவுடையது, என்னுடையது.

ஒரு மாதத்துக்கு முன்னமே நூலகத்திலிருந்து பனிச்சறுக்குப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்தார். விறாந்தையில் கம்பளத்தின்மேல் நிலம் கூட்டும் இரண்டு தும்புத்தடிகளை ஊன்றிக்கொண்டு முழங்காலை மடித்து மடித்துப் பழகினார். “பாரும் தம்பி, பாரம் முன்னுக்கு இருக்கவேணும். அவ்வளவுதான் விசயம்.” அக்கா அடுத்த வீட்டுப் பெண்ணிடம் காற்சட்டை ஒன்று இரவல் வாங்கினார். அவர் வாழ்க்கையில் முதன்முதலாகப் போட்ட காற்சட்டை. போட்டுக்கொண்டு வெளியே வரக் கூச்சப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று, “தம்பி, அங்கால பாரும்” என்றார்.

ஐந்து மணி நேர ஓட்டம். மலையடிவாரத்தில் எல்லோரும் காரை நிறுத்தி டயர்களுக்குச் சங்கிலி பூட்டினார்கள். அண்ணை அதைப் பத்து நிமிடத்தில் செய்துமுடித்தார். பக்கத்தில் சேற்றில் முழங்காலிட்டுத் திண்டாடிய இரண்டு குடும்பங்களுக்கும் பூட்டிக்கொடுத்தார். அதையும் நான் சொல்லத்தான் வேண்டும். அவருக்குத் தெரிந்தவை உண்மையாகவே நிறைய.

மேலே, செங்குத்தான கூரை வைத்த மரவீடுகள் பனிக்குள் புதைந்து நின்றன. யூக்கலிப்டஸ் மரங்கள் வெள்ளைப் பாரத்தில் வளைந்திருந்தன. அவற்றில் சிவப்புக் கிளிகள் உட்கார்ந்திருந்ததைக் கண்டு அக்கா காரிலிருந்து இறங்க மறந்துவிட்டார். இறங்கியதும் ஒரு பிடி பனியை அள்ளி முகத்தில் வைத்தார். சத்தம் போட்டுச் சிரித்தார். ஒரு வருடமாக அந்த வீட்டில் இருந்தவன் நான். அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் காலை சறுக்குப் பலகைகள் வாடகைக்கு எடுக்கப் போனோம். கடையில் இருந்தவர் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். நரைத்த மீசை. அவருடைய ஆங்கிலமும் எங்களுடையதைப்போல வேறெங்கோ படித்த ஆங்கிலம். அக்காவிடம் நிறை என்னவென்று கேட்டார். அக்கா வெட்கப்பட்டார். அவர் ஒரு துண்டுக் கடதாசியையும் பென்சிலையும் தள்ளி, எழுதிக் காட்டும்படி சைகை செய்தார். பிறகு அந்த நிறைக்கு ஏற்றபடி, சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் இரும்புப் பிடியைத் திருகாணியால் சரிசெய்து, சப்பாத்தை மாட்டி, உள்ளங்கையால் பக்கவாட்டில் ஓர் அடி அடித்தார். பிடி ‘டக்’கென்று விட்டது. இன்னொருமுறை மாட்டி இன்னொருமுறை அடித்தார்.

“விழும்போது பலகை கழன்று போகவேண்டும். பலகை போனால் கால் தப்பும்,” என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். அக்கா தலையாட்டினார்.

விடுதியிலிருந்து வந்தவர்களில் புதியவர்கள் எல்லோரும் பயிற்றுநரிடம் போனார்கள். அண்ணை போகவில்லை. “வரிசையில நிண்டு பழக நாங்கள் என்ன அரிவரிப் பிள்ளையளோ?” என்றார். புத்தகத்தில் படித்ததை எங்களுக்குச் சொல்லித்தந்தார். உண்மையில் அவர் மோசமில்லை. விழுந்தார், எழும்பினார், மதியத்துக்குள் சரிவில் நேராக இறங்கக் கற்றுவிட்டார். நான் விழுந்து விழுந்து முழங்கால் நோக ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். அக்காவும் விழுந்தார். ஒவ்வொருமுறை விழும்போதும் பலகை கழன்றது. ஒவ்வொருமுறையும் பனிக்குள் மல்லாக்கக் கிடந்து சிரித்தார். விழுவதுதான் அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். விழுந்தால் எழும்பவேண்டிய அவசரமில்லை, யாரும் எதையும் கேட்கமாட்டார்கள்.

அண்ணைக்கு அது பொறுக்கவில்லை. அலுவலகத்தின் மேலதிகாரி மேலேயிருந்து சறுக்கிவந்து பக்கத்தில் நின்று, மனைவிக்கு உதவி ஏதும் வேண்டுமா என்று சிரித்துக்கொண்டு கேட்டுவிட்டுப் போனார். அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். அண்ணையின் முகம் மாறியதை நான் கண்டேன்.

அவர் அக்காவின் காலடியில் குந்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துத் திருகாணியில் வைத்தார்.

“அந்த மனிசன் தளர்வாப் பூட்டிப்போட்டான். அதுதான் சும்மா சும்மா கழருது.”

“அண்ணை, அந்தாள் சொன்னவர்...” என்று தொடங்கினேன்.

“எனக்குத் தெரியும் தம்பி.”

“வேண்டாமப்பா. கழண்டாக் கழரட்டும்,” என்றார் அக்கா.

“இஞ்சரும், அசையாம நில்லும்.”

மூன்று சுற்று, நாலு சுற்று. மற்றக் காலுக்கும் அப்படியே. பிறகு கையால் ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. திருப்தியோடு எழும்பினார்.

அதற்குப் பிறகு அக்கா இருமுறை விழாமல் இறங்கினார். அண்ணை என்னைப் பார்த்துக் கையை விரித்தார், பார்த்தீரா என்பதுபோல. மூன்றாவது முறை சரிவின் நடுவில் ஒரு பலகை பனிக்குள் குத்தி நின்றது. அக்காவின் உடம்பு முன்னால் போய்த் திரும்பியது. பலகை கழலவில்லை. அந்தச் சத்தம் நான் இருந்த இடம்வரைக்கும் கேட்டது. அதை எதோடும் ஒப்பிட்டுச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஓடிப்போனபோது அவருடைய பாதம் பார்க்கக்கூடாத பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

சிவப்புச் சட்டை போட்ட மீட்புக்காரர் இரண்டுபேர் சறுக்குவண்டியோடு வந்தார்கள். ஒருவர் அக்காவின் காலுக்குச் சிம்பு வைத்துக் கட்டினார். மற்றவர் பலகையைக் கழற்றப் பார்த்து, முடியாமல், பையிலிருந்து கருவி எடுத்துக் கழற்றினார். பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை இப்படி இறுக்கியது யார் என்று கேட்டார்.

“கடைக்காரர்,” என்றார் அண்ணை. கேள்வி முடியுமுன்னமே பதில் வந்துவிட்டது.

மீட்புக்காரர் என் பக்கம் திரும்பினார். நீ இங்கேதான் இருந்தாயா என்று கேட்டார். ஓம் என்றேன். வேறு யாராவது இதில் கை வைத்ததைக் கண்டாயா?

அண்ணை என்னைப் பார்க்கவில்லை. குனிந்து அக்காவின் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்தார். வலியில் உதட்டைக் கடித்திருந்தார். ஆனால் கண்கள் தெளிவாக இருந்தன.

“நான் காணவில்லை,” என்றேன்.

அந்த மனிதர் பலகையைத் தூக்கி வண்டியில் வைத்தார். பிறகு அக்காவை வண்டியில் ஏற்றினார்கள்.

கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மலையடிவார ஊரின் ஆஸ்பத்திரியில் பத்து நாள், பிறகு வீட்டில் தொடைவரைக்கும் மாக்கட்டு. அந்த மாதங்களில் அண்ணை செய்ததைப்போல ஒரு கணவன் செய்து நான் பார்த்ததில்லை. விடிய எழும்பிச் சமைத்துவைத்துவிட்டு வேலைக்கு வருவார். மதியம் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார். கதிரையைத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு அக்காவின் தலையைத் தானே முழுகவார்ப்பார். சொதி வைக்கப் பழகினார். பார்க்க வந்த பெண்கள் தங்களுடைய கணவர்மாரிடம் அதைச் சொல்லிக் காட்டினார்கள்.

அதே கையால்தான் அந்தக் கடிதத்தையும் எழுதினார். வாடகைக் கடையை நடத்தியவர்களுக்கு இரண்டு பக்கம், நல்ல ஆங்கிலத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். ஊழியரின் கவனயீனம் என்று எழுதியிருந்தார். நிறத்தைப் பார்த்து அலட்சியமாக நடந்தார் என்றும் எழுதியிருந்தார். குசினி மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

“சாட்சி எண்டு போட்ட இடத்தில ஒரு கையெழுத்து வையும் தம்பி.”

“நிறத்தைப் பாத்தெண்டு...” என்று இழுத்தேன்.

“பின்ன? எங்களை மாதிரி ஆக்களெண்டபடியாத்தானே கவனிக்கேல்லை. நீர் வந்து எத்தினை நாள்? எனக்குத் தெரியும் இவங்களை.”

அவர் சொன்னமாதிரியான அலட்சியத்தை நான் பஸ்ஸில் பட்டிருக்கிறேன், வீடு தேடிப்போன இடத்தில் பட்டிருக்கிறேன். அது பொய்யான விசயமில்லை. அந்தக் கடையில் மட்டும்தான் நடக்கவில்லை. துண்டுக் கடதாசியையும் பென்சிலையும் தள்ளிய அந்த மனிதரின் கை என் கண்முன் வந்தது. கையெழுத்து வைத்தேன்.

மூன்று கிழமையில் பதில் வந்தது. மனவருத்தம் தெரிவித்திருந்தார்கள். சம்பந்தப்பட்ட ஊழியர் இப்போது தங்களிடம் வேலை செய்யவில்லை என்று கடைசியில் ஒரு வரி. அண்ணை அதை உரக்க வாசித்தார். அக்கா மாக்கட்டுக் காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு இருந்தார்.

“அந்தாளுக்குப் பிள்ளை குட்டி இருக்குமோ?” என்று கேட்டார்.

“அதை அவரெல்லோ யோசிச்சிருக்கவேணும்,” என்றார் அண்ணை.

அவர் நடிக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். நாலைந்து வருடம் போன பிறகுதான் அப்படியில்லை என்று விளங்கியது. நான் தனி வீடு எடுத்த பிறகும் அங்கே போய்வந்தேன். புதிதாக யார் வந்தாலும் சாப்பாட்டு மேசையில் அந்தக் கதையைச் சொல்வார். கடைக்காரர் பிடியை இறுக்கிய விதத்தைக் கையால் செய்து காட்டுவார். அக்காவின் பக்கம் திரும்பி, “நான் அண்டைக்கு அதைப் பாத்திருக்கவேணும். என்ர பிழை அது ஒண்டுதான்,” என்பார். கேட்பவர்களுக்குக் கண் கலங்கும். “தம்பியைக் கேளுங்கோ, அவரும் நிண்டவர்,” என்பார். எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். நான் தலையாட்டுவேன். சத்தியமாக அப்படித்தான் நடந்தது என்று அவர் நம்பினார். ஒருமுறை வாயால் சொல்லிவிட்டால் போதும், அது அவருக்குத் தெரிந்த விசயமாகிவிடும். தெரிந்தே பொய் சொன்னவன் நான் ஒருவன்தான்.

பிறகு நான் சிட்னிக்கு மாறினேன். ஹோம்புஷில் வீடு, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அண்ணை இறந்த செய்தி வந்தபோது போனேன். மண்டபம் நிரம்பி வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். அதில் பாதிப்பேரையாவது அவர் விமான நிலையத்தில் கூட்டிவந்திருப்பார். என்னையும் பேசச் சொன்னார்கள். குளிர்ச்சட்டையைச் சொன்னேன், பின்னறையைச் சொன்னேன், வேலை எடுத்துத் தந்ததைச் சொன்னேன். ஒன்றும் பொய்யில்லை. முன்வரிசையில் இருந்த அக்கா நான் பேசி முடிக்கும்வரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிவந்து கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். நாங்கள் இருவரும் கதைப்பதை நிறுத்தி அப்போது முப்பது வருடத்துக்கு மேல்.

நிறுத்தியது மாக்கட்டு வெட்டிய வருடத்தில். கால் கொஞ்சம் கட்டையாகப் பொருந்திவிட்டது. வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி. அண்ணைக்கு அதற்குமேல் லீவு எடுக்க முடியவில்லை. நான் அப்போது பழைய கார் ஒன்று வாங்கியிருந்தேன். அக்காவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். என் வேலை நிரந்தரமாகி இரண்டு கிழமை. அந்தச் செய்தி வந்த அன்று அக்கா ஊன்றுகோலில் நின்றுகொண்டு எனக்குப் பாயாசம் காய்ச்சினார்.

அந்த வியாழன் மழை. பாதி வழி போயிருப்போம்.

“தம்பி,” என்றார் அக்கா. “அவர் திருகினதை நான் கண்டனான். என்ர காலடியிலதானே நடந்தது. நீரும் கண்டனீர்.”

நான் வீதியைப் பார்த்து ஓட்டினேன்.

“நான் வாய் திறக்கேல்லை. எனக்கு அந்த வீட்டிலதான் சீவிக்கவேணும். உமக்கு என்ன வந்தது?”

சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினேன். கண்ணாடித் துடைப்பான் போய்வந்துகொண்டிருந்தது. ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது.

“அண்ணை எனக்கு எவ்வளவோ செய்தவர் அக்கா.”

“ஓம்,” என்றார். “எனக்கும்தான்.”

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு, கதவைத் திறந்துவிட நான் மற்றப் பக்கம் சுற்றி ஓடுவதற்குள் அவரே திறந்து இறங்கிவிட்டார். கை கொடுக்கப் போனேன். அவர் அதைப் பிடிக்கவில்லை. ஊன்றுகோலை முன்னால் வைத்து, காலை இழுத்து, மழைக்குள்ளால் நடந்துபோனார்.

அடுத்த கிழமை, இனிப் பஸ்ஸில் போகப் பழகவேணும் என்று அண்ணைக்கு முன்னால் சொன்னார். அண்ணைக்குப் பெரிய சந்தோசம். “அப்பிடித்தான் தைரியம் வரும்,” என்றார். எத்தனையாம் நம்பர் பஸ் என்பதையும் அவரே எழுதிக்கொடுத்தார். வியாழன் காலை நான் வேலைக்குப் போகும்போது அக்கா பஸ் தரிப்பிடத்தில் ஊன்றுகோலோடு நின்றார். அங்கே நின்றவர்களில் கடைசி ஆள் அவர். நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் என்னைக் கண்டார். கண்டுவிட்டு, பஸ் வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. நான் நிறுத்தாமல் வேலைக்குப் போனேன்.